ஐந்து பிளேடும் ஒரு கழுத்தும்

நான்: [புகைப்படம்]

நான்: கழுத்தைப் பாருங்கள். ஷேவ் செய்து இரண்டு நாள் ஆகிறது, சட்டைக் காலர் பட்டாலே எரிகிறது. நல்ல ஆஃப்டர்ஷேவ் ஏதாவது தெரிந்தால் சொல்லுங்களேன்

அம்மா: ஐயோ என்னடா இது, அம்மை போட்ட மாதிரி இருக்கிறது

அக்கா: அம்மையெல்லாம் இல்லை அம்மா. உங்கள் மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் வரும், காட்டமாட்டார்

பெரிய மாமா: ஆஃப்டர்ஷேவ் கேட்கிறான் பார். எரிகிற இடத்தில் ஆல்கஹாலை ஊற்றினால் குளுகுளுவென்றா இருக்கும்? என்ன ரேசர் வைத்திருக்கிறாய், அதை முதலில் சொல்

நான்: ஐந்து பிளேடு மாமா, புதிது

பெரிய மாமா: நினைத்தேன்

சின்ன மாமா: அண்ணா சொல்வதில் விஷயம் இருக்கிறதுடா. பல பிளேடு ரேசரில் முன்னால் போகிற பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது திரும்ப உள்ளே போவதற்குள் பின்னால் வருகிற பிளேடு வெட்டிவிடும், மிச்சம் தோலுக்கு அடியில் போய்விடும். அதனால்தான் தொட்டால் வழவழவென்று இருக்கிறது. சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்தக் கூர்முனை வளரும்போது வெளியே வராமல் தோலையே குத்தும், அப்புறம் அந்த இடம் வீங்கும். சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது

அத்தான்: எனக்கு உடனே எரியும், ஆனால் பொரியாது. அதுவும் இதுதானா மாமா?

சின்ன மாமா: இல்லை மாப்பிள்ளை, உங்களுடையது வெறும் உரசல். அழுத்தி இழுப்பது, மழுங்கின பிளேடு, நுரை போன இடத்திலேயே மறுபடி ஓட்டுவது, இதெல்லாம் காரணம். பையனுடையது ஒன்றிரண்டு நாள் கழித்துப் புடைக்கிறது பாருங்கள், அது உள்ளே வளரும் முடி

பெரிய மாமா: ஜில்லெட் 1904இலேயே காப்புரிமை வாங்கிய சேஃப்டி ரேசர் இருக்கிறது, இரண்டு பக்கமும் விளிம்புள்ள ஒற்றை பிளேடு. நான் இன்றைக்கும் அதில்தான் செய்கிறேன், கழுத்தைப் பார்த்தாயா

அக்கா: பார்த்தோம் மாமா 😄

அத்தான்: அதைப் பார்த்தாலே எனக்குப் பயம்

பெரிய மாமா: பயந்தால் அழுத்தமாட்டீர்கள், நல்லதுதான். ரேசரின் எடையே போதும். கைப்பிடியின் அடிநுனியை விரலில் பிடித்துப் பாருங்கள், அழுத்த நினைத்தாலும் முடியாது. சாய்வு சுமார் 30 டிகிரி. ரேசரின் தலையைக் கன்னத்தில் படுக்க வைத்து, வெட்டுகிற சத்தம் கேட்கிறவரை கைப்பிடியை மெல்ல இறக்க வேண்டும்

சின்ன மாமா: ரேசரை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஷேவ் செய்யாத முகத்தில் விரலை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பார். எந்தப் பக்கம் போனால் சொரசொரக்கவில்லையோ அதுதான் முடி வளரும் திசை. எல்லாரும் கழுத்திலும் மேலிருந்து கீழே என்று நினைத்துக்கொள்கிறார்கள்

நான்: இருங்கள், பார்க்கிறேன்

நான்: இடது பக்கம் தாடைக்குக் கீழே மேல்நோக்கி வளர்கிறது! குரல்வளைக்குப் பக்கத்தில் சுழியாகச் சுற்றுகிறது. வலது பக்கம் காதை நோக்கிப் படுத்திருக்கிறது

சின்ன மாமா: அப்படியென்றால் இவ்வளவு நாளும் இடது கழுத்தில் எதிர்த் திசையில்தான் இழுத்துக்கொண்டிருக்கிறாய். இனிமேல் வளரும் திசையில் ஒரே ஓட்டு, தோலை இழுத்துப் பிடிக்காதே. விடுபட்டால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒன்று, அதுவும் கன்னத்தில் மட்டும். கழுத்தில் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், யார் தடவிப் பார்க்கப் போகிறார்கள்

அக்கா: 🤐

அம்மா: குளிப்பதற்கு முன்னால் அவசர அவசரமாகச் செய்கிறான், அதையும் கேள்

சின்ன மாமா: அதுவும் தப்பு அக்கா. குளித்த பிறகு செய்யச் சொல், வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறின முடி மெத்தென்று வெட்டுப்படும், காய்ந்த முடி பிளேடை எதிர்த்து நிற்கும். நுரையில் குமிழி கண்ணுக்குத் தெரிந்தால் தண்ணீர் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம், பிரஷ்ஷை இன்னும் சுற்று. முகத்தில் போட்டபின் ஒரு நிமிடம் விட்டுவிட்டு ரேசரை எடு

அக்கா: வாஷ்பேசினில் ஒட்டின முடியைக் கழுவிவிடும் டெக்னிக்கையும் அப்படியே சொல்லிக்கொடுங்கள் மாமா, இங்கே ஒருவருக்குத் தேவைப்படுகிறது

அத்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரிய மாமா: முடித்ததும் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் படிகாரம்

சின்ன மாமா: படிகாரம் இவனுக்கு வேண்டாம் அண்ணா, தோலை இன்னும் வறட்டும்

பெரிய மாமா: சின்னக் கீறலில் ரத்தத்தை நிறுத்தும். எங்கே அழுத்தினாய் என்று எரிந்து காட்டியும் கொடுக்கும். தேய்த்துவிட்டு உடனே கழுவச் சொல், தினமும் வேண்டாம். அவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன்

அத்தான்: பிளேடு எத்தனை நாளைக்கு?

சின்ன மாமா: ஐந்து முதல் ஏழு ஷேவ், இழுக்கிற மாதிரி தோன்றினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். கழுவி உதறி, ஈரம் தங்காத இடத்தில் வையுங்கள். ஒருவர் ரேசரை இன்னொருவர் தொடக்கூடாது

நான்: பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு போடுகிறேன், அதனால் ஏதாவது?

சின்ன மாமா: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அது தோலை உலர்த்தும், ஷேவ் செய்த உடனே அதன்மேல் போட்டால் எரியத்தான் செய்யும். கொடுத்த டாக்டரிடமே கேட்டுக்கொள்

நான்: சரி, இப்போது இருக்கிற புடைப்புக்கு என்ன செய்வது?

சின்ன மாமா: அடங்கும்வரை ரேசரைத் தொடாதே. வேண்டுமானால் ட்ரிம்மரில் 1 மி.மீ. விட்டு வெட்டிக்கொள். வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்று, ஊசி வைத்து முடியைத் தோண்டாதே, தழும்பாகிவிடும். சீழ் கோத்தாலோ கறுப்பாகத் தங்கினாலோ தோல் டாக்டரிடம் போய்விடு. மற்றபடி வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போதும்

அம்மா: அப்படியானால் தாடியோடுதான் சுற்றப் போகிறானா

பெரிய மாமா: சுற்றட்டும், விடு

அக்கா: வாசனை சேர்க்காதது என்னிடம் ஒன்று இருந்தது, இப்போதுதான் பார்க்கிறேன், பாட்டில் பாதி காலி. இந்த வீட்டில் இன்னொரு கழுத்தும் இந்த குரூப்பைப் படித்துக்கொண்டிருக்கிறது