ஹோலுக்குள் நிற்கும் மோட்டார் சைக்கிள்: விடியப்புறம் பெற்றோல் மணம், அம்மாவுக்குத் தலையிடி

கொக்குவிலான்:
வணக்கம். கொஞ்சம் அவசரமாக உதவி வேணும். எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், கொக்குவிலில் ஒரு குறுகின ஒழுங்கைக்குள் இருக்கிறது. வளவில் கொட்டகை போட இடமில்லை, விறாந்தைக்குக் கிறிலும் இல்லை. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரே கிழமையில் இரண்டு மோட்டார் சைக்கிள் களவு போனது, அன்றிலிருந்து இரவில் வண்டியை ஹோலுக்குள் ஏற்றி வைக்கிறேன். 100 சிசி, கார்பரேற்றர் வண்டி. 2011இல் அப்பா வாங்கினது, அப்பா இப்போது இல்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய வண்டிகளுக்கும் விலை ஏறிவிட்டது, இது போனால் இன்னொன்று வாங்க எனக்கு வசதியில்லை, அதனால்தான் இவ்வளவு பயம்.

இரண்டு கிழமையாக விடியப்புறம் எழும்பினால் ஹோல் முழுக்கப் பெற்றோல் மணம். நிலத்தில் ஒரு துளி ஈரமும் இல்லை. அம்மாவும் என் மூன்று வயது மகளும் ஹோலில்தான் பாய் போட்டுப் படுக்கிறார்கள். அம்மா காலை வேளைகளில் தலையிடி, ஓங்காளம் என்கிறா. மகள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அவளை நினைத்துத்தான் கவலை. ஒழுக்கு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கராச் அண்ணை:
தம்பி, ஒழுக்கைத் தேடுவது பிறகு. இன்றிரவு வண்டி வீட்டுக்குள் வரக்கூடாது, முதலில் அதைச் செய்யுங்கள். விறாந்தையில் விட்டு, பின் சில்லுக்குள்ளால் சங்கிலி கொடுத்து யன்னல் கம்பியோடு பூட்டுங்கள். ஒரு இரவு நித்திரை குறைந்தாலும் பரவாயில்லை.

காரணத்தையும் சொல்கிறேன். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரம், மேலே போகாது, தண்ணீர் மாதிரி நிலத்தோடு பரவும். பாயில் படுக்கிறவர்களின் மூக்குக்குத்தான் முதலில் போகும், கதிரையில் இருக்கிறவருக்கு மணம் குறைவாகத் தெரியும். பெற்றோல் குளிர்ப் பெட்டிக்குள் வைத்தாலும் ஆவி விடுகிற சாமான், நெருப்புப் பிடிக்க ஒரு சின்னப் பொறி போதும். உங்கள் ஹோலில் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? சாமியறை எந்தப் பக்கம்? குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் போடுங்கள்.

கொக்குவிலான்:
அண்ணை, வாசித்ததும் கை கால் விறைத்துப்போனது. நுளம்புத்திரி ஒவ்வொரு இரவும் பாய்க்குப் பக்கத்தில்தான், வண்டியிலிருந்து ஆறடி இருக்கும். சாமியறை ஹோலின் மூலையில், காலையில் அம்மா குளித்துவிட்டு விளக்கு ஏற்றுவா. குசினிக்குக் கதவில்லை, திரைச்சீலைதான். வண்டியை இப்பவே விறாந்தையில் இறக்கிவிட்டேன், திரியையும் அணைத்துவிட்டேன்.

கராச் அண்ணை:
நல்லது. இப்ப சோதனை. தாங்கிக்குக் கீழே இருக்கும் பெற்றோல் ரப்பை இரவில் ஓஃப் பண்ணுகிறீர்களா? பலர் வாங்கின நாளிலிருந்து ஓனிலேயே விடுகிறார்கள். ஓனில் இருந்தால் தாங்கியிலிருந்து பெற்றோல், அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்பரேற்றருக்கு இறங்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுப்பது கார்பரேற்றரின் கோப்பைக்குள் இருக்கும் மிதவையும் ஒரு சின்ன ஊசியும்தான். கோப்பை நிரம்ப மிதவை எழும்பி ஊசியைத் துவாரத்தில் அழுத்தும். அந்த ஊசியின் நுனி தேய்ந்தால், அல்லது தாங்கிக்குள் இருந்து வந்த துரு ஒரு துகள் நடுவில் நின்றால், முழுதாக மூடாது. துளித் துளியாக மேலதிகக் குழாயால் கீழே வடியும், விடியுமுன் காய்ந்தும் போகும். அதனால்தான் நிலத்தில் ஈரம் காணவில்லை.

எஞ்சினுக்குக் கீழே வெள்ளைக் காட்போட் மட்டை ஒன்று விரியுங்கள். முதல் இரவு ரப்பை ஓனில் விடுங்கள், மறு இரவு ஓஃப். பெற்றோல் காய்ந்தாலும் மட்டையில் வளையம் மாதிரிக் கறை நிற்கும், ஓனில் மட்டும் கறை வந்தால் ஊசி, இரண்டு இரவும் வந்தால் ரப் அல்லது குழாய். இன்னொன்று, ஒயில் பார்க்கும் குச்சியை இழுத்து மணந்து பாருங்கள். ஒயில் மட்டம் கூடி, தண்ணீர் மாதிரியாகி, பெற்றோலும் மணந்தால் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கிறது, அப்படியானால் ஒயில் மாற்றாமல் வண்டியை ஸ்ராட் பண்ண வேண்டாம்.

தாதி அக்கா:
நான் தாதியாக வேலை செய்கிறேன். அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்கு வேறு ஒரு கேள்வி. தம்பி, காலையில் வண்டியை எங்கே ஸ்ராட் செய்கிறீர்கள்?

கொக்குவிலான்:
ஹோலுக்குள்தான் அக்கா. வாசலில் மூன்று படி, பலகை போட்டிருக்கிறேன். வண்டி சூடாகும் வரை ஒரு ஐந்து நிமிடம் ஓட விட்டுத்தான் இறக்குவேன், சோக் போடாவிட்டால் நின்றுபோகும். பின்னேரமும் முதல் கியரில் போட்டு எஞ்சின் பலத்தில்தான் ஏற்றுகிறேன். மழை நேரம் என்றால் யன்னலும் பூட்டியிருக்கும்.

தாதி அக்கா:
அம்மாவின் தலையிடிக்கு முக்கியக் காரணம் அதுவாக இருக்கலாம். எஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏறுகிற இடத்தை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக இது பிடித்துக்கொள்ளும், பிறகு மூச்சு எடுத்தாலும் உடம்புக்குப் போதாது. தலையிடி, ஓங்காளம், களைப்பு, தலைச்சுற்று, எல்லாம் சாதாரணக் காய்ச்சல் மாதிரித்தான் தொடங்கும். சோக் போட்ட குளிர்ந்த எஞ்சினில் இது கூடுதலாக வரும். சின்னப் பிள்ளைகள் வேகமாக மூச்செடுப்பதால் அவர்களுக்கு முதலில் ஏறும். பிள்ளை சொல்லத் தெரியாமல்தான் இருக்கும், அதனால் சும்மா இருக்கிறா என்று நினைக்காதீர்கள்.

இரண்டு பேரையும் நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், வீட்டுக்குள் எஞ்சின் ஓடினதை மறக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் காய்ச்சல் குளிசைதான் கிடைக்கும். இரவிலோ காலையிலோ ஆராவது மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

எம்டி90 ஐயா:
பிள்ளைகள், நானும் ஒன்று சொல்ல வேணும். 90களில் பொருளாதாரத் தடை நேரம் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில்தான் கிடைத்தது. எங்கள் எம்டி90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊற்றுவோம். அந்தப் பெற்றோல் போத்தலையும் வண்டியையும் வீட்டுக்குள்தான் வைத்திருந்தேன், வெளியில் வைக்கப் பயம். கறண்ட் இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்குத்தான் வெளிச்சம். ஒரு இரவு போத்தல் தட்டுப்பட்டு நிலத்தில் கொட்டினது, விளக்கு நாலடி தள்ளி மேசைக்குக் கீழே இருந்தது. நெருப்பு போத்தலில் இருந்து வரவில்லை, விளக்கில் இருந்து நிலத்தோடு ஓடி வந்து போத்தலைப் பிடித்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். நனைத்த சாக்கைப் போட்டு மூடித்தான் அணைத்தோம், தண்ணீர் ஊற்றியிருந்தால் பெற்றோல் அதில் மிதந்து அறை முழுக்கப் போயிருக்கும். மனைவியின் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்ற நேரம் கனபேர் போத்தலிலும் கானிலும் பெற்றோல் சேர்த்தார்கள். தம்பி, உங்கள் வீட்டில் அப்படி ஏதும் மிச்சம் கிடக்கிறதா? கட்டிலுக்குக் கீழே, படிக்கட்டுக்குக் கீழே எல்லாம் பாருங்கள்.

கொக்குவிலான்:
ஐயா, நீங்கள் கேட்டதும் தேடினேன். குசினிக்குப் பின்னால் அலுமாரியில் ஒரு ஐந்து லீற்றர் கான், கால்வாசி பெற்றோலோடு இருந்தது, மூடியில் வெடிப்பு. அப்பா வைத்தது, எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அதை வெளியே வளவு மூலையில் நிழலில் வைத்துவிட்டேன்.

இரண்டு இரவுச் சோதனையும் முடிந்தது. ஓனில் விட்ட இரவு மட்டையில் ஒரு ரூபா அளவு மஞ்சள் வளையம், ஓஃபில் ஒன்றும் இல்லை. ஒயில் குச்சியிலும் பெற்றோல் மணம் இருந்தது, மட்டம் மேல்கோட்டுக்கும் மேலே. அம்மாவையும் மகளையும் காட்டினேன், இப்போது ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் முந்தநாள் தாங்கியை நிரப்பிக்கொண்டு வந்த இரவு, ரப்பை மூடியும் லேசாக மணந்தது. அது ஏன்?

கராச் அண்ணை:
ஊசிதான், சந்தேகமில்லை. ஊசியோடு அது உட்காரும் துவாரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், துவாரம் தேய்ந்திருந்தால் புது ஊசியும் ஒழுகும். தாங்கியின் அடியில் துரு இருந்தால் கழுவி, குழாயில் ஒரு ஃபில்ரரும் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் இதே கதை. ஒயிலை மாற்றும் வரை ஸ்ராட் பண்ணாமல் தள்ளிக்கொண்டே போங்கள்.

நிரப்பின இரவு மணந்தது வேறு விசயம். பெற்றோல் செட்டில் நிலத்துக்குக் கீழே குளிர்ந்து கிடந்த பெற்றோலை வாய்வரை நிரப்பிவிட்டு வண்டியை வெக்கையில் நிறுத்துகிறீர்கள், அது விரியும். 10 லீற்றருக்கு வெப்பம் 10 பாகை ஏறினால் ஏறக்குறைய 100 மில்லிலீற்றர் கூடும். போக இடமில்லாமல் மூடியின் காற்றுத் துவாரத்தால் கசியும். இரண்டு விரல் இடைவெளி விட்டு அடியுங்கள்.

பாசையூர் தங்கச்சி:
அண்ணா, நானும் ஸ்கூட்டியை உள்ளே வைத்துக் கஷ்டப்பட்டுத்தான் கடைசியில் விறாந்தைக்குக் கிறில் அடித்தேன். ஒட்டு வேலை செய்கிறவரைக் கொண்டு சீமெந்து நிலத்தில் ஒரு கம்பி வளையமும் புதைத்தேன், சங்கிலி அதற்குள்ளால் போகிறது. எங்களுக்குக் கடற்காற்று, ஒரு மாரியிலேயே துரு பிடிக்கும், அதனால் வர்ணம் அடிக்காமல் கம்பியை விட வேண்டாம். பலகை பற்றியும் ஒன்று: மூன்று படிக்கு நாலடிப் பலகை என்றால் செங்குத்து, எஞ்சின் இல்லாமல் ஏற்ற முடியாது. எட்டடிப் பலகை வைத்து, பக்கத்தில் நீங்கள் நடக்க இன்னொரு பலகையும் போடுங்கள். நான் தனியாகவே தள்ளி ஏற்றுகிறேன்.

கொக்குவிலான்:
ஊசியும் துவாரமும் மாற்றியாச்சு, ஒயிலும் மாற்றினேன். தாங்கியில் இருந்து ஒரு பிடி துரு வந்தது. நாலு நாளாக மட்டையில் கறையே இல்லை. அம்மாவின் தலையிடி வண்டியை உள்ளே ஓட விடாமல் நிறுத்தின மூன்றாம் நாளே போய்விட்டது, தாதி அக்கா கேட்காமல் இருந்திருந்தால் நான் ஊசியை மாற்றிவிட்டுத் திரும்பவும் உள்ளேதான் ஸ்ராட் பண்ணியிருப்பேன். கிறிலுக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள், மாரி தொடங்க முன்னம் பூட்டுவதாகச் சொன்னார்கள். அதுவரை வண்டி விறாந்தையில், நான் அதற்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுக்கிறேன்.

கராச் அண்ணை:
சங்கிலியை நிலத்தில் தொய்ய விடாமல் இறுக்கிப் பூட்டுங்கள் தம்பி. நிலத்தில் கிடந்தால் கம்பி வெட்டும் ஆயுதத்தை ஊன்றி வெட்டுவது சுகம். அந்தக் கானில் இருக்கிற பழைய பெற்றோலை வண்டிக்கு ஊற்ற வேண்டாம், வாய்க்காலிலும் ஊற்ற வேண்டாம். கராச்சுக்குக் கொண்டுவாருங்கள், சாமான் கழுவ நான் எடுத்துக்கொள்கிறேன்.