நன்றி நோட்டு: 31 பிள்ளைகளும் ஒரே வரியை எழுதுகிறார்கள், என்ன செய்வது?

அஞ்சாம்ப்பு டீச்சர்:
வணக்கம். ஒன்றியப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், 31 பிள்ளைகள். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தின் 10 குறளையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் உருண்டு போன பென்சிலை எடுத்துக் கொடுத்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஜூனில் 'நன்றி நோட்டு' ஆரம்பித்தேன். தினமும் காலையில் மூன்று வரி. இரண்டே வாரம்தான் ஓடியது. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "அம்மாவுக்கு நன்றி, அப்பாவுக்கு நன்றி, டீச்சருக்கு நன்றி". ஒருவன் ஆகஸ்ட் வரை தேதி போட்டு முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டான்! திட்டவும் மனசு வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நிறுத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நிறுத்தாதீர்கள் டீச்சர், குறையுங்கள். லியுபோமிர்ஸ்கி என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆறு வாரச் சோதனை. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மனநிறைவு கூடியது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. நீங்களோ தினமும் எழுதச் சொல்கிறீர்கள்.

அப்புறம், "யாருக்கு நன்றி?" என்று கேட்டால் பிள்ளைகள் பட்டியல்தான் போடுவார்கள். "இந்த வாரம் உனக்காக யார் என்ன சிரமப்பட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் அந்தச் சொல் புழங்குகிறதா, சொல்லுங்கள்? நான் என் அம்மாவிடம் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "என்னடா ஆச்சு, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்பதுதான் எங்கள் வீட்டு நன்றி.

சமையலம்மா மகள்:
டீச்சர், என் அம்மா மகளிர் குழு மூலமாகக் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறார். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டம் வந்ததே, அப்போதிருந்து. நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். ஒருநாள் யாரோ பார்வையிட வருகிறார்கள் என்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி "நன்றி அம்மா" சொல்ல வைத்தார்களாம். அம்மாவுக்கு ஒரே கூச்சம். வீட்டுக்கு வந்து, "சோறு திங்கிறதுக்கு எதுக்குடி பிள்ளைங்க கைகட்டி நிக்கணும்?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். அந்தச் சாப்பாடு பிள்ளைகளின் உரிமை. தயவுசெய்து அதற்கு நன்றி வாங்காதீர்கள்.

ஆனால் இதையும் சொல்கிறேன். புதன்கிழமை பொங்கலில் மிளகைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிற ஒரு சின்னப் பெண். ஒரு வாரம் அம்மா மிளகை இடித்துப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் வந்து, "ஆயா, இன்னிக்கு இடிச்சுப் போட்டீங்களா? நான் ஃபுல்லா சாப்பிட்டேன்" என்று காலித் தட்டைக் காட்டினாளாம். மூன்று நாள் வீட்டில் இதே பேச்சுதான்!

அஞ்சாம்ப்பு டீச்சர்:
இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நோட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, கேள்வியையும் மாற்றினேன். பாதிப்பேர் இன்னும் அம்மா அப்பாதான், சரி போகட்டும். ஆனால் ஆகஸ்ட் வரை எழுதி வைத்திருந்தானே, அவன் இப்படி எழுதியிருக்கிறான்: "மழை பேஞ்சுது. ஆட்டோ அண்ணன் என் பையை அவர் சீட்டுக்கு அடியில வச்சார். பை நனையல. அண்ணன் சட்டை நனைஞ்சுது."

"அண்ணன்கிட்ட சொன்னியாடா?" என்றேன். "வெக்கமா இருக்கு டீச்சர்" என்றான். சமையலம்மா மகள் எழுதியது ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, ஆட்டோவை விட்டு இறங்கினவன் தன் கர்சீப்பை எடுத்து டிரைவர் சீட்டைத் துடைத்திருக்கிறான். ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த அண்ணன் கேட் வரைக்கும் வந்து என்னைக் கூப்பிட்டு, "என்ன டீச்சர், பையன் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டானா?" என்று கேட்கிறார்.