புதுப்பிப்பு: அம்மாவின் கீமோ குமட்டலுக்கு அக்குபங்சர் பற்றிக் கேட்டிருந்தேனே

புற்றுநோய்க்கான கீமோவுக்குப் பிறகு அம்மாவுக்குக் குமட்டல் நிற்கவில்லை, தக்கலைப் பக்கம் அக்குபங்சர் (மெல்லிய ஊசி குத்தும் சீன சிகிச்சை) பார்க்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் ரத்தப் பரிசோதனையைக் காட்டச் சொன்ன அண்ணன் பேச்சுதான் சரி. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவு, இப்போதைக்கு அக்குபங்சர் ஊசி வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். அப்புறம் ஊசிக்குப் பதில் விரலால் அழுத்த ஒரு அக்கா சொன்ன 'பி6' என்ற அக்குபங்சர் புள்ளியைப் பிடித்தோம்: உள்மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் அகலம் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். இரண்டு மூன்று நிமிடம் அழுத்தினால் போதும். குமட்டலுக்கான ஒண்டான்செட்ரான் மாத்திரையை நிறுத்தவில்லை. இந்தத் தடவை குமட்டல் இருந்தது, ஆனாலும் மறுநாளே கஞ்சியும் பயறும் இறங்கியது.

எதிர்பாராதது சீன மூலிகைப் பொடி விஷயம். கீமோ மருந்தின் வேலையைக் கெடுக்கலாம், தொடவே கூடாது என்றார் டாக்டர். வாங்கி வந்த சித்தப்பாவுக்குத்தான் வருத்தம்.