பழைய ராணுவ விமானத்தைத் தொட்டுப் பார்த்த அனுபவம் இருக்கிறதா? என்னுடையது இது

நாகமலைக்காரன்:
கல்லூரி எதுவென்று சொல்லமாட்டேன். மதுரையிலிருந்து ஒரே பஸ், வாசலில் கிரண் என்ற பழைய பயிற்சி விமானம் ஒன்று நிற்கும், அவ்வளவு போதும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஆண்டுவிழாவுக்கு அதற்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். எனாமல் டப்பா, ரோலர், ஆறு பையன்கள். அடியில் படுத்துக்கொண்டு வயிற்றுப் பக்கம் அடித்தவன் நான். அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. ரிவெட் கழன்று விழுந்துவிட்டது போல என்று நினைத்து, எம்சீல் பிசைந்து ஒவ்வொன்றாக அடைத்து, மேலே இரண்டு கோட் பெயிண்டும் கொடுத்தேன். லேப் அண்ணன்கூட "சுத்தமா இருக்கு தம்பி" என்றார்.

இரண்டு ஐப்பசி கழித்து ஒரு சான்றிதழ் வாங்கப் போனேன். வாட்ச்மேன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "மழை விட்டு ரெண்டு நாளாச்சு, இதைக் கேளுங்க" என்று றெக்கை நுனியைப் பிடித்து லேசாக ஆட்டினார். பாதிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தால் வருமே, அந்தச் சத்தம். ஒரு ஸ்குரூடிரைவர் வாங்கி, நான் அடைத்த எம்சீலை நானே குத்தினேன். டிகாக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. கூடவே திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி, ஏடு ஏடாக. அது அரித்துப்போன அலுமினியம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இப்போதும் வீட்டுக் குழாய்க்கு எம்சீல் பிசைந்தால் அந்தச் சத்தம்தான் காதில் கேட்கிறது. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

பேரையூர் ஓய்வு:
தம்பி, நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் பிரிவு, விமானத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. துண்டிகல் அகாடமியில் கிரணோடுதான் பாதி வாழ்க்கை போனது. ஒருநாள் காலையில், வேகத்தை அளக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். ஓடுதளத்தில் வேகமுள் அசையவில்லை, விமானி பிரேக் பிடித்துத் திரும்பி வந்தார். திட்டவில்லை. அந்த மண்கட்டியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதை விடுங்கள். நீங்கள் அடைத்தது வடிகால் துளை. விமானத்துக்குள் தண்ணீர் வராமல் இருக்காது. மழை வேண்டாம், ராத்திரிப் பனியே உள்ளே வியர்க்கும். அது வெளியேறத்தான் வயிற்றில் துளை. ஆனால் எல்லாப் பழியையும் உங்கள் மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், அதைவிடப் பெரிய தப்பு அந்த எனாமல். அடியில் இருக்கும் அரிப்பைச் சுரண்டாமல், பிரைமர் போடாமல் மேலே பளபளவென்று பூசினால், அது உள்ளேயே அலுமினியத்தைத் தின்றுகொண்டே போகும். வெளியே மாப்பிள்ளை மாதிரி நிற்கும். சுரண்டுகிறேன் என்று உப்புத்தாளோடு யாரும் கிளம்பிவிடவும் வேண்டாம். அந்த மஞ்சள் கலந்த பச்சை பிரைமர் குரோமேட், தூசியை மூச்சில் இழுத்தால் புற்றுநோய் வரை போகும். டயருக்குக் காற்றடித்து நிறுத்துவதும் வீண், எடையை ஸ்டாண்டில் ஏற்றிவிட வேண்டும். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் வாயை வலை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அணிலும் மைனாவும் குடித்தனம் வைக்கும். கேனபியை, அதாவது விமானியின் தலைக்கு மேலிருக்கும் மூடியை, கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீரால் துடைத்தால் அதில் இருக்கும் அமோனியாவுக்கு அக்ரிலிக் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும், சோப்புத் தண்ணீர் போதும். காக்பிட்டில் ஏறுவதற்கு முன் எஜெக்‌ஷன் சீட்டின் (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை) வெடிமருந்தை எடுத்துவிட்டார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கிரணுக்கும் முந்தைய விமானங்கள் என்றால் டயல்களில் ரேடியம் பூச்சு இருக்கலாம், இருட்டில் மினுக்காவிட்டாலும் கதிர்வீச்சு நிற்காது, அதன் அரைவாழ்வு 1600 ஆண்டு. ஆமாம், மொத்தம் எத்தனை துளை அடைத்தீர்கள்?

வைகை வடகரை:
பேரையூர் ஐயா, அவர் கேட்டது அனுபவம், நீங்கள் கொடுத்தது சர்வீஸ் மேனுவல். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் சேமித்து வைத்துக்கொண்டேன்.

என் கணவருக்கு வேலை நெதர்லாந்தில். ஸூஸ்டர்பெர்க் என்று ஓர் ஊர், அங்கே இருந்த விமானப்படைத் தளத்தை 2008-ல் மூடினார்கள். 2014 டிசம்பரில் அதே இடத்தில் ராணுவ அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். விமானங்கள் கூரையிலிருந்து தொங்குகின்றன, மழை ஒரு சொட்டு படாது. நான் பார்த்துக்கொண்டிருந்தது அதை அல்ல. எழுபது வயதுக்குக் குறையாத ஒரு தாத்தா, கீழே நின்ற ஒரு விமானத்தின் ரிவெட் தலைகளைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு ரிவெட், ஒரு குச்சி. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஒரு முழம்கூட நகர்ந்திருக்கவில்லை. எங்கள் அப்பத்தா அரிசியில் கல் பொறுக்கும்போது முகம் அப்படித்தான் இருக்கும்.

செட்டிநாட்டான்:
மூடிய தளத்தில் அருங்காட்சியகம் என்றீர்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் எங்கள் பக்கமும் சும்மா கிடக்கிறது, தெற்கே கயத்தாறிலும் கிடக்கிறது. செட்டிநாட்டு ஓடுதளத்தில்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "மூணாவது கியர் போடுடா, இங்க யாரு வரப்போறா" என்றார், அப்போது பார்த்து ஆட்டுக்கிடை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். ஆடு தப்பியது, நானும் தப்பினேன். ஓய்வு பெற்ற விமானங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினால் என்ன? மிக்-21 போர் விமானம்கூட 2025 செப்டம்பரில் விடைபெற்றுவிட்டது. சிவகங்கைச் சீமை காய்ந்த பூமி, துருவே பிடிக்காது. அமெரிக்காக்காரன் அரிசோனா பாலைவனத்தில் ஆயிரக்கணக்கில் நிறுத்தி வைத்திருக்கிறானே.

பேரையூர் ஓய்வு:
அரிசோனாவும் சிவகங்கையும் ஒன்றா அண்ணாச்சி? பத்து மாதம் காய்ந்தாலும் ஐப்பசியும் கார்த்திகையும் போதும். நாகமலைத் தம்பி சட்டைக்குள் இறங்கியது எந்த மாதத் தண்ணீர்? முதலில் கூரை, அப்புறம் விமானம். கூரைக்குக் காசில்லை என்றால் கொண்டுவராமல் இருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

செட்டிநாட்டான்:
கூரை வரும்வரை காத்திருந்தால் எல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போய்விடும் ஐயா. வெயிலில் நின்றாலும் பிள்ளைகள் பார்ப்பார்கள் இல்லையா? 1964-ல் முதலில் பறந்த கிரணை நாம் நேரில் பார்த்ததே அப்படி வாசலில் நின்றதால்தானே.

வைகை வடகரை:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கள். தம்பி, அப்புறம் என்ன ஆனது? மீதி ஓட்டைகளை யாராவது திறந்தார்களா?

நாகமலைக்காரன்:
போன மாதம் அனுமதி வாங்கி, வாட்ச்மேன் அண்ணனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடியில் படுத்தோம். பேரையூர் ஐயா, நான் அடைத்தது ஒன்பது. எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் எம்சீல் ஒன்பதாவதோடு தீர்ந்துபோய் லேப் அண்ணனிடம் போய் நின்றேன். ஆறு கிடைத்துவிட்டது. எனக்குப் பிறகு இன்னொரு பேட்ச் மேலே பெயிண்ட் அடித்திருக்கிறது, இப்போது எது ஓட்டை எது தகடு என்று விரலுக்குத் தெரியவில்லை. மீதி மூன்றைத் தட்டித் தட்டித் தேடிக்கொண்டிருக்கிறோம்.