யானை செத்த கதை எல்லோருக்கும் நினைவிருக்கிறது, கூலி செத்தது?

ஜார்ஜ் ஆர்வெல் 1936ல் எழுதிய, யானையைச் சுட்ட கதையைச் சொல்லும் கட்டுரையைக் கல்லூரி ஆங்கிலப் பாடத்தில் படித்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். பர்மாவின் மோல்மேன் நகரில் மதம் பிடித்த யானை ஒன்று சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. போலீஸ் அதிகாரி துப்பாக்கியோடு போகிறார். அவர் போய்ச் சேரும்போது யானை வயலோரம் நின்று, புல்லைப் பிடுங்கி முழங்காலில் தட்டி, வாயில் போட்டுக்கொண்டிருக்கிறது. மதம் அடங்கிக்கொண்டிருப்பது அவருக்கே தெரிகிறது. ஆனால் பின்னால் இரண்டாயிரம் பேர் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள். அவர்கள் சிரித்துவிடக் கூடாதே என்பதற்காகச் சுடுகிறார். யானை சாக அரை மணி நேரம் ஆகிறது.

எங்களுக்கு இதை நடத்திய பேராசிரியர் நல்லவர், நன்றாக நடத்துவார். ஏகாதிபத்தியம் ஆள்கிறவனையே எப்படிக் கட்டிப்போடுகிறது என்று விளக்கினார். யானை சாகிற பத்தியை வாசித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. அதற்கு முன்னால் வருகிற சாவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த யானை ஒரு கூலித் தொழிலாளியைச் சேற்றில் அழுத்திக் கொன்றிருக்கிறது. 'திராவிடக் கூலி' என்று எழுதுகிறார் ஆர்வெல், அவ்வளவுதான். பெயர் இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன தமிழரோ தெலுங்கரோ, யாரோ ஒருவர். கடைசியில் இளவயது வெள்ளைக்காரர்கள், ஒரு கூலியைக் கொன்றதற்காகப் போய் யானையைச் சுடுவதா, யானைக்கு எவ்வளவு மதிப்பு என்று பேசிக்கொள்கிறார்கள். சுட்டவரோ, அந்த ஆள் செத்ததால் சட்டப்படி தான் தப்பித்தோம் என்று சந்தோஷப்படுகிறார். இதை ஆர்வெல் மறைக்காமல் எழுதியிருக்கிறார். படித்த நாம்தான் தாண்டிப் போனோம்.

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் கூடும் எங்கள் சின்ன வாசிப்புக் குழுவில் இந்தக் கட்டுரையை மறுபடி எடுத்தபோதுதான் அந்தப் பெயரில்லாத மனிதர் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து நாங்கள் படித்த எல்லாக் கட்டுரைகளிலும், பார்த்த எல்லாப் படங்களிலும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க ஆரம்பித்தோம். விலங்குக்கு என்ன ஆயிற்று? அதன் பக்கத்தில் நின்ற மனிதருக்கு என்ன ஆயிற்று? இதில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் கேட்டால் பதில் கோணலாகத்தான் வருகிறது.

அடுத்து 'மாமன்னன்' பார்த்தோம். 2023ல் வந்தபோது தியேட்டரில் பார்த்தவர்கள்தான் எல்லோரும். கதை நம் சேலம் பக்கத்திலேயே நடக்கிறது. மாமன்னனின் மகன் அதிவீரன் பன்றி வளர்க்கிறான். எதிரி ரத்னவேல் பந்தய நாய்கள் வளர்க்கிறான். முதலாவதாக வராமல் தோற்ற நாயை அடித்தே கொல்கிறான். முதல் தடவை பார்த்தபோது நாய் என்றால் ஆதிக்கம், பன்றி என்றால் ஒடுக்கப்பட்டவர் என்று நானும் எல்லோரையும் போல ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டேன். அது சரிதான், ஆனால் போதாது. சாதி மனிதர்களை மட்டும் படிப்படியாக அடுக்கி வைக்கவில்லை. பசுவை மேலே, பன்றியைக் கீழே, சாதி நாயை வீட்டுத் திண்ணையில், தெருநாயைக் குப்பைமேட்டில் என்று விலங்குகளையும் அதே ஏணியில் நிறுத்தியிருக்கிறது. மேல்படியில் நின்ற நாயும் ஒரே ஒரு பந்தயத்தில் தோற்றதும் அடிபட்டுச் சாகிறது பாருங்கள். அந்த ஏணியில் எந்தப் படியும் விலங்குக்குப் பாதுகாப்பு இல்லை.

அந்தப் படத்தில் கோயில் கிணற்றில் குளித்ததற்காகச் சிறுவர்கள் மீது கல்லெறிகிற காட்சி வரும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் நடந்த போராட்டத்தைப் பற்றிப் பேசினார். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தலித் மக்கள் அந்த ஊரின் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். ஆடுமாடு குடிக்கத் தடையில்லாத குளம் அது. இவர்கள் குடித்த பிறகு குளம் தீட்டாகிவிட்டது என்று சாணம், கோமியம், பால், தயிர் கலந்து 108 பானைகளில் தண்ணீரைச் சுத்தம் செய்தார்கள். மாட்டின் சாணம் தீட்டைக் கழிக்கும், மனிதனின் கை பட்டால் தீட்டு ஒட்டும். அதே ஊரில் அதே ஆட்கள் மாட்டை வெயிலில் ஏரில் பூட்டி அடித்துக்கொண்டும் இருந்திருப்பார்கள். கும்பிடப்பட்டதால் மாட்டுக்கு அடி குறைந்ததா என்று அவர் கேட்டார். எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் குழுவில் ஒரு அண்ணன் இருக்கிறார். ஊருக்கு வெளியே பன்றிப்பட்டி வைத்திருக்கிற குடும்பம். அதுவரை அவர் தன் தொழிலைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினார்.

"பன்னி வளர்க்கறோம்னு சொன்னா பக்கத்துல உக்காந்திருக்கறவங்க ஒரு தரம் மூக்க உறிஞ்சுவாங்க. நாத்தம் வருதான்னு பாக்கறாங்களாம். நான் குளிச்சு, சலவை சட்டை போட்டுட்டுதான் வந்திருப்பேன்."

அப்புறம் குட்டி போட்ட பன்றியைப் பற்றிச் சொன்னார். குட்டி போட்ட ராத்திரி அவரோ அவர் மனைவியோ தூங்குவதில்லை. தாய் புரண்டு படுத்தால் குட்டி நசுங்கிவிடும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து எடுத்து எடுத்து விடுவார்கள். பிறந்த சில நாளிலேயே ஒவ்வொரு குட்டியும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளுமாம். அப்புறம் கடைசி வரை அதே காம்புதான். மாற்றி வைத்தால் கத்திக்கொண்டு தன் இடத்துக்கே ஓடும். பால் இறங்குவது கொஞ்ச நொடிகள்தான், அதனால் தாய் உறுமிக் கூப்பிடும். அந்த உறுமல் வேகமாகிறபோது குட்டிகள் சண்டையை விட்டுவிட்டு அவரவர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். "அது சேத்துல புரளுதுன்னு கேவலமா பேசறாங்க. அதுக்கு நம்மள மாதிரி வேர்க்காதுங்க. சேறு இல்லன்னா சூட்டுல செத்துப் போயிடும்" என்றார். சேலத்து சித்திரை வெயிலில் வளர்ந்த எனக்கு இதைச் சொல்லித்தர அவர் வரவேண்டியிருந்தது.

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: "இவ்வளவு பாசமா பாத்துட்டு எப்படிண்ணா கறிக்குக் குடுக்கறீங்க?" அவர் கோபப்படவில்லை. "குடுக்கறேன், அதான் எங்க சோறு. மறைக்கல. ஆனா வண்டில ஏத்தறப்ப அது போடற சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனைக்காதீங்க" என்றார். அதற்குமேல் அவரை யாரும் கேட்கவில்லை, அது நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கரைப் படிப்பது நமக்குக் கஷ்டமாகிறது. 1975ல் வந்த அவருடைய விலங்கு விடுதலைப் புத்தகம் புலால் உண்பதை விடச் சொல்கிறது. மனிதனையும் விலங்கையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, யாருடைய வலியாக இருந்தாலும் ஒரே அளவு வலிக்கு ஒரே எடை கொடுக்கச் சொல்கிறார். அவருக்கு முன்பே 1789ல் வந்த நூலில் ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் இதைத் தொட்டிருக்கிறார். தோல் கறுப்பு என்பதற்காக ஒரு மனிதனை வதைக்க விட்டுவிட முடியாது என்று பிரெஞ்சுக்காரர்கள் கண்டுகொண்டார்கள், கால்களின் எண்ணிக்கையும் அப்படி ஒரு காரணம் ஆகாது என்று ஒருநாள் உலகம் ஒப்புக்கொள்ளும் என்றார். எனக்கு இந்த வாதம் சரியென்றே படுகிறது. ஆனால் நம் ஊரில் வீடு தேடிப் போனால் "நீங்க சைவமா?" என்று வாசலிலேயே கேட்கிறார்கள். கேட்கிறவருக்குக் கோழியின் வலி பற்றிக் கவலையா? நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பதைக் கௌரவமாக விசாரிக்கிறார். கருணையைக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுவைத்திருக்கிற ஊரில் சிங்கர் வந்தால் அவரையும் முதலில் வாசலில் நிறுத்தி இதைக் கேட்பார்கள்.

அதற்காக அவர் சொன்னதைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? 1997 வரை நம் மாவட்டத்தோடு இருந்த நாமக்கல்லுக்குப் போய்ப் பாருங்கள். முட்டைக்கோழிக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இருக்காது. இறக்கையை விரிக்க முடியாது. அந்தப் பண்ணைகளில் எருவுக்கு நடுவில், வேலை செய்யும் இடத்திலேயே குடியிருந்து முட்டை பொறுக்குகிறவர்களில் வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. கோழியைப் பற்றி எழுதுகிறவர் அந்தக் குடும்பத்தை விட்டுவிடுகிறார், கூலியைப் பற்றி எழுதுகிறவர் கோழியை விட்டுவிடுகிறார். கோழியும் அந்தக் குடும்பமும் ஒரே கொட்டகைக்குள்தான் நிற்கிறார்கள்.

நான் சொல்ல வந்த முக்கியமான அனுபவம் ஏற்காட்டில் நடந்தது. காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில், எஸ்டேட் வேலைக்குப் போகிற ஒரு ஆயாவோடு காட்டுப்பாதையில் நடந்தேன். அங்கே காட்டெருமைகள் காப்பித் தோட்டத்துக்குள்ளேயே நிற்கும். முழங்கால் வரை வெள்ளை, மேலே கருப்பு, சில்வர் ஓக் மரத்தடியில் அசையாமல் நின்றால் பாறை என்றே நினைப்போம். ஆயா என் கையைப் பிடித்து நிறுத்தினார். எதிரே நின்ற காட்டெருமை ஒன்று எங்களைப் பார்த்து மூச்சை வேகமாக விட்டது, பிறகு கீழே இறங்கிப் போயிற்று.

"முட்டணும்னு வர்றதில்ல கண்ணு. நாம நிக்கற எடம் அதுக்குத் தடம்" என்றார். பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தான். போன வருசம் ஒருத்தன முட்டிருச்சு. பேப்பர்ல ஒரு நாள் வந்துச்சு. காட்டு மாடு ஒண்ணு செத்துச்சு, அத நாலு நாளா போட்டாங்க." எனக்கு உடனே மோல்மேன் நகர் வெள்ளைக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அப்படியென்றால் இந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது எங்க போகும்? எனக்கும் அதுக்கும் ஒரே தடந்தான். அத அடைச்சது யாரு, அங்க பாரு" என்று மேட்டைக் காட்டினார். சுற்றுலா விடுதி ஒன்று கம்பிவேலி போட்டிருந்தது. அதன் குறுக்கே போன ஒற்றையடிப் பாதை வேலியில் முட்டி நின்றது. காட்டெருமை தண்ணீருக்கு இறங்கியதும் அதே வழி, தொழிலாளிகள் வேலைக்குப் போனதும் அதே வழி. இப்போது இரண்டு பேரும் கீழே ரோட்டோரமாகச் சுற்றிப் போகிறார்கள், அங்கேதான் ஒருவரையொருவர் எதிர்கொள்கிறார்கள்.

எத்தனை கட்டுரை படித்தும் எனக்குப் பிடிபடாதது அந்த வேலியின் முன்னால் பிடிபட்டது. மனிதனா விலங்கா என்று ஆயாவிடம் கேட்டது நான்தான், அவர் அப்படிப் பிரித்துப் பேசவே இல்லை.

பாதையைத் திறந்துவிடக் கேட்டு ஒரு மனு எழுதுவதாக இப்போது முடிவாகியிருக்கிறது. குழுவுக்குள் சண்டை ஓயவில்லை. தொழிலாளிகள் வழியை மட்டும் கேட்போம், காட்டெருமையைச் சேர்த்தால் விஷயத்தை வனத்துறை பக்கம் தள்ளிவிடுவார்கள் என்கிறார் ஒருவர். காட்டெருமையை மட்டும் சொன்னால் சீக்கிரம் காது கொடுப்பார்கள் என்கிறார் இன்னொருவர், அதுவும் உண்மைதான் என்பது எனக்கு வலிக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் எழுத வேண்டும் என்பது என் கட்சி, பன்றிப்பட்டி அண்ணனும் என் பக்கம். ஏற்காட்டுப் பக்கம் இப்படி வேலியால் தடம் அடைபட்டதைப் பார்த்தவர்கள் எந்த இடம், யார் யார் அதில் நடந்தார்கள் என்று சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.