பசியில்லா நகரம் ஏவுகணை விடலாமா? அறிபுனைக் கதைக்கு யோசனை தேவை

எண்ணூர்வாசி:
கி.பி. 2300. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு நகரம். பசி இல்லை, சாதி இல்லை. ஒரு காப்புப்படை மட்டும் உண்டு. வெளியிலிருந்து வந்த கூட்டம் துறைமுகத்தைப் பிடித்து, அம்மோனியா டாங்க்குக்குப் பக்கத்தில் ஏவுகணை லாரியை நிறுத்தி ஊரை அடிக்கிறது. திருப்பி அடித்தால் லட்சியம் போச்சு, சும்மா இருந்தால் ஜனம் போச்சு. தளபதியின் பிரசங்கம் இல்லாமல் இதை எப்படி எழுதலாம்?

கொருக்குப்பேட்டை குமரன்:
அடிக்கும் உரிமையில் சிக்கலே இல்லை. ஐ.நா. சாசனத்தின் 51-வது பிரிவு தற்காப்புக்கு இடம் தருகிறது. எப்படி அடிப்பது என்பதில்தான் உங்கள் கதை இருக்கிறது.

போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 முதல் நெறிமுறை, 57-வது பிரிவைப் படியுங்கள். இலக்கை உறுதிசெய், சேதம் குறைந்த ஆயுதத்தைத் தேர்ந்தெடு, பொதுமக்கள் இழப்பு ராணுவ ஆதாயத்தை மிஞ்சும் என்று தெரிந்தால் கடைசி நொடியிலும் நிறுத்து. ஆனால் 56-வது பிரிவு பெயர் சொல்லிக் காப்பது அணை, கரை, அணுமின் நிலையம் மட்டுமே. அம்மோனியா டாங்க் அதில் இல்லை. அந்த ஓட்டையை உங்கள் நகரத்தின் சொந்தச் சட்டம் அடைக்கட்டும். லட்சியம் அங்கே தெரியும்.

அடுத்தது காற்று. அம்மோனியா காற்றை விட லேசானதுதான். ஆனால் திரவமாகக் கொட்டினால் குளிர்ந்த புகையாகத் தரையோடு தவழும். பிற்பகல் கடற்காற்றில் அது அத்திப்பட்டுப் பக்கம் போகும். விடியற்காலைத் தரைக்காற்றில் கடலுக்குப் போகும், அப்போது தாழங்குப்பத்து மீன்பிடிப் படகுகள் கடலில் இருக்கும். எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் யாரோ எதிரே நிற்கிறார்கள். தளபதி வாய் திறக்கவே வேண்டாம், நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள் போதும்.

ராயபுரம் ராணி:
துல்லிய ஆயுதம் என்று ஒரு வரி எழுதித் தப்பிக்காதீங்க. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குறிவைத்தது எண்ணெய்த் தொட்டிகளை. அடி வாங்கியதில் அங்கே நின்ற வணிகக் கப்பலும் உண்டு.

வியாசர்பாடி வளவன்:
எச்சரிக்கையை விட்டுட்டீங்களே குமரன் அண்ணா. புறநானூறு 9-ல் பெண்டிர், பிணியாளர் எல்லாம் அரணுக்குப் போங்கள், அம்பு விடப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்கிறவன் பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி. அதே புலவர் நெட்டிமையார் 15-ல் பாடுவதும் அவனைத்தான்: பகைவர் கோட்டையைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியவன்! எச்சரித்தவனே ஜெயித்த பிறகு அப்படிச் செய்கிறான். அதனால் கதையை லாரி எரிவதோடு முடிக்காதீங்க. பிடிபட்டவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள், உத்தரவு போட்டவரை யார் விசாரிக்கிறார்கள், ரெண்டும் வரணும். விசாரணையைக் காப்புப்படையிடமே கொடுத்தால் எல்லாம் வீண்.

எண்ணூர்வாசி:
வயர்லெஸ்ஸில் படகுகளைக் கூப்பிட்டால் எதிரியும் கேட்டு லாரியை நகர்த்திவிடுவானே? புயல் எச்சரிக்கை என்று பொய் சொல்லலாமா?

கொருக்குப்பேட்டை குமரன்:
எதிரியை ஏமாற்றும் தந்திரத்தை அதே நெறிமுறையின் 37-வது பிரிவு தடுக்கவில்லை. ஆனால் இங்கே பொய் கேட்பது சொந்த மீனவர்கள். ஒரு தடவை பொய்யென்று தெரிந்தால், நிஜப் புயலுக்கு யாரும் கரை திரும்ப மாட்டார்கள். குப்பத்துப் பஞ்சாயத்தோடு முன்பே பேசி ஒரு குறிச்சொல் முடிவுசெய்து வைக்கட்டும். யாருக்கெல்லாம் அது தெரியும், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்பதையும் எழுதுங்கள்.