ரியர் ஆக்சிலில் இருக்கும் எண்களை வைத்து எந்த வருடம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

சங்ககிரி வண்டி:
வணக்கம். என்னுடையது 2012 மாடல் ஆறு சக்கர லாரி, ஆர்.சி.யில் 16.2 டன். பின் ஆக்சில் ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூடு) ஸ்பிரிங் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் விரிசல் விட்டுவிட்டது. வண்டி உடைக்கும் யார்டு ஒன்றில் ரியர் ஆக்சிலை முழு செட்டாகப் பேசி முன்பணம் கொடுத்திருக்கிறேன். 2019 வண்டியில் கழற்றியது, 2018-இல் உயர்த்திய புது லோடு அனுமதிக்கு வந்த மாடல் என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். நேரில் பார்த்ததில் கிடைத்த எண்கள் இவை:

பிரேக் டிரம்மில் சின்ன வட்டம், சுற்றி 1 முதல் 12 வரை. நடுவில் அம்புக்குறி 3-ஐக் காட்டுகிறது. அம்புக்கு இரண்டு பக்கமும் 1, 9.
ஹப் பேரிங்கில் 32218.
டிஃபரென்ஷியல் கேரியரிலும் (ஆக்சில் நடுவில் பல்சக்கரங்களைத் தாங்கும் பாகம்) அதே மாதிரி வட்டம், அம்பு 9-இல், பக்கத்தில் 1, 4.
கிரவுனில் (அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6-41, அதன் கீழே K318.
ஆக்சில் ஷாஃப்ட் முகப்பில் 2144.

பேரிங்கில் 18 என்று முடிவதையும் டிரம்மையும்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எதை நம்புவது? மீதிப் பணம் கொடுப்பதற்குள் தெரிந்தால் நல்லது.

பட்டறைக்காரர்:
தம்பி, முதலில் புடைத்து நிற்கும் எண்ணையும் குத்திய எண்ணையும் பிரித்துப் பாருங்கள். புடைத்து நிற்பது அச்சிலேயே வந்தது, அதாவது வார்த்த அன்று. குத்தியது கடைசலுக்குப் பிறகோ, கோர்க்கும்போதோ அடித்தது. அந்த வட்டம் வார்ப்புத் தேதிதான். அம்பு மாதம், இருபக்க எண்கள் வருடம். டிரம் 2019 மார்ச், கேரியர் 2014 செப்டம்பர்.

டிரம் தேய்ந்தால் மாற்றுகிற சாமான். 2014 ஆக்சிலில் 2019 டிரம் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதை வைத்து ஆக்சிலின் வயதைச் சொல்லக் கூடாது.

32218 தேதியே இல்லை, பேரிங்கின் அளவு. கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 18 × 5 = 90. உள்துளை 90 மி.மீ. எந்த வருடம் செய்திருந்தாலும் அந்தப் பேரிங்கில் இதே எண்தான் இருக்கும்.

6-41 பற்களின் எண்ணிக்கை. கிரவுனைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான டெயில் பினியனில் 6, கிரவுனில் 41. K318 ஜோடி எண், பினியன் முகத்திலும் அதே எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், சத்தம் நிச்சயம் வரும்.

வார்ப்பட வேலை:
2144 பற்றி மட்டும் சொல்கிறேன். சில இடங்களில் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மூன்று இலக்கமும், வருடத்தின் கடைசி இலக்கமும் சேர்த்துக் குத்துவார்கள். அப்படிப் படித்தால் 4-இல் முடியும் வருடத்தின் 214-ஆவது நாள். 2014 என்றால் ஆகஸ்ட் 2. ஒற்றை இலக்க வருடத்தில் உள்ள தொல்லை, 2004-க்கும் அதே எண்தான் வரும். கேரியர் 2014 செப்டம்பர் என்பதால் ஒத்துப்போகிறது. ஆனால் நான்கு இலக்கம் உருக்குத் தொகுதியின் எண்ணாகவும் இருக்கலாம், இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு சோதனை: ஹப்பின் உள்பக்கம் பல் போட்ட வளையம் இருக்கிறதா? ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) சென்சாருக்கான வளையம் அது. கனரக வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். 2015-இல் கட்டாயமானது. 2019 வண்டியின் ஆக்சில் என்றால் அது இருக்க வேண்டும்.

சங்ககிரி வண்டி:
போய்ப் பார்த்தேன் அண்ணா. வளையம் இல்லை, சென்சார் பொருத்தும் துளையும் இல்லை. பினியனில் K318 இருக்கிறது. ஆனால் கேரியர் போல்ட்டைக் கழற்றினால் தனியாக வந்துவிடுமே, எனக்கு வேண்டியது ஹவுசிங். அதன் வருடத்தை எப்படிப் பார்ப்பது?

பட்டறைக்காரர்:
சரியான கேள்வி. ஹவுசிங் தகடு அழுத்திப் பற்றவைத்தது, வார்ப்பு இல்லை, அதனால் வட்டம் இருக்காது. பிரேக் ஃபிளேஞ்ச் (பிரேக்கைப் பொருத்தும் விளிம்பு) பக்கத்திலும் குழாயின் மேல்புறத்திலும் பெயின்டைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள், குத்தின எண் கிடைக்கலாம். கிரைண்டர் போடாதீர்கள், ஆழமில்லாத எழுத்து போய்விடும்.

அப்புறம், லோடு விஷயம். 2018 ஜூலையில் நான்கு டயர் ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக அனுமதியை உயர்த்தினார்கள், உண்மை. ஆனால் ஒரு ஹவுசிங் எத்தனை டன் தாங்கும் என்பதைத் தேதி சொல்லாது, பார்ட் நம்பர்தான் சொல்லும். உங்கள் ஆர்.சி. 16.2 டன் என்றால் அதற்கு மேல் ஏற்றாதீர்கள், எந்த வருட ஆக்சிலைப் போட்டாலும்.

ஈரோட்டு டிரைவர்:
உங்கள் பழைய கிரவுனில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்தீர்களா சார்? வருடத்தைவிட எனக்கு அதுதான் கவலை. பழையது 7-41 என்றால், 6-41 மாட்டிய பிறகு அதே இன்ஜின் சுற்றில் வேகம் ஏழில் ஆறு பங்குதான். கியர்பாக்ஸில் இருந்து வேக மீட்டர் எடுக்கும் வண்டியில் 60 காட்டும்போது நிஜத்தில் 51 தான் போவீர்கள். மேட்டில் இழுவை நன்றாக இருக்கும், பைபாஸில் டீசல் குடிக்கும்.

சங்ககிரி வண்டி:
என்னுடையது 7-41. கேரியரில் குறை எதுவும் இல்லை, அதையே புது ஹவுசிங்கில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். போல்ட் துளைகளும் ஷாஃப்ட் நீளமும் அளந்து பார்த்தோம், ஒத்துவருகிறது. பெயின்ட்டைச் சுரண்டியதில் ஃபிளேஞ்ச் பக்கத்தில் குத்திய 10 14 கிடைத்தது. 2014 அக்டோபராக இருக்கலாம், மற்றதோடு பொருந்துகிறது. யார்டுக்காரரிடம் எல்லாவற்றையும் காட்டிப் பேசினேன், 2014 விலைக்கே ஒத்துக்கொண்டார். கேரியரும் டிரம்மும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரர்:
நல்லது. மாட்டுவதற்கு முன் ஸ்பிரிங் சீட்டைச் சுற்றியும் வெல்டிங் ஓரத்திலும் கிராக் டெஸ்ட் செய்யுங்கள். சிவப்புச் சாயம் அடித்து, ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். உங்கள் பழைய ஹவுசிங் விட்ட அதே இடம்தான், அங்கே இரண்டு தடவை பாருங்கள். கோடு தெரிந்தால் பற்றவைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வாங்காதீர்கள் தம்பி.